ஒளிந்து கொண்ட வெப்பம்

0° செல்சியஸ் வெப்பநிலையில் உள்ள 10 கிராம் பனிக்கட்டியை, 100° செல்சியஸ் நீராவியாக மாற்ற எவ்வளவு வெப்பம் தேவை? பள்ளியில் இந்தக் கணக்கை நீங்களும் போட்டிருப்பீர்கள். பனிக்கட்டி உருகுவதற்கு 800 கலோரி, உருகிய நீர் கொதிநிலையை எட்ட 1,000 கலோரி, கொதிக்கும் நீர் முழுதும் ஆவியாக 5,400 கலோரி. ஆக 7,200 கலோரி. விடை சரிதான். ஆனால் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கலாம். இந்த மூன்று படிகளில் வெப்பமானியின் பாதரசம் எப்போது நகர்கிறது? நடுப்படியில் மட்டுமே. செலவிட்ட 7,200 கலோரியில் 6,200 கலோரி உள்ளே போகும் நேரமெல்லாம், பாதரசம் ஒன்றுமே நடக்காதது போல் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

பாதரசத்தின் கண்ணுக்குத் தப்பிய இந்த 6,200 கலோரியைத்தான் ஆங்கில நூல்கள் 'லேட்டன்ட் ஹீட்' என்கின்றன. 'ஹீட்' என்பது தெருவில் போகிறவருக்கும் தெரிந்த சொல். அதன் முன் நிற்கும் 'லேட்டன்ட்' என்ற அடைமொழி அப்படிப்பட்டதன்று. அன்றாட ஆங்கிலப் பேச்சில் அது அதிகம் புழங்குவதில்லை. மருத்துவர், காவல்துறை ஆய்வாளர், விஞ்ஞானி ஆகியோரின் ஏடுகளில்தான் அதைப் பெரிதும் காண்கிறோம். வகுப்பில் இதற்குப் பொருள் கேட்டால், "லேட்டாக வரும் வெப்பம்" என்று சொல்லும் மாணவர் ஆண்டுக்கு ஒருவராவது உண்டு. பாதரசம் தாமதித்து ஏறுவதைப் பார்த்தவருக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் 'லேட்' பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். 'லேட்டன்ட்' இலத்தீனிலிருந்து வந்தது. ஒலியைத் தவிர இரண்டுக்கும் உறவு ஏதும் இல்லை.

இலத்தீனில் 'லாத்தேரே' என்றால் மறைந்து கிடத்தல். அதிலிருந்து பிறந்த எச்சம் 'லாத்தென்ஸ்'. மறைந்து கிடக்கின்ற என்று பொருள். 15-ஆம் நூற்றாண்டிலேயே இது ஆங்கிலத்தில் இடம்பெற்றுவிட்டது. இதன் உறவுச் சொற்கள் கிரேக்கத்திலும் உண்டு. இறந்தோர் உலகில் ஓடுவதாகக் கிரேக்கர் கதை சொன்ன மறதி ஆற்றின் பெயர் 'லேத்தே'. அதன் நீரைக் குடித்தவருக்குப் பழைய வாழ்வெல்லாம் மறைந்து போகுமாம்.

இதற்கு நேர் எதிரான சொல்லும் இலத்தீனில் உண்டு. 'பத்தேரே' என்றால் திறந்து கிடத்தல். அதன் வழி வந்ததே 'பேட்டன்ட்'. அரசர் ஒருவருக்கு உரிமை வழங்கும்போது, மடித்து முத்திரையிடாமல் யாவரும் படிக்கும்படி திறந்த கடிதமாகக் கொடுப்பது ஐரோப்பிய வழக்கம். அதுவே பின்னர் புதுப்புனைவுக்கான காப்புரிமையின் பெயராயிற்று. ஒன்று மூடிக் கிடப்பது, மற்றொன்று திறந்து கிடப்பது; ஒலியில் மட்டும் இரட்டைப் பிள்ளைகள். இந்த இணையைச் சற்றே நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். நம் கதையில் இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் போவோம். வெப்பமானி அப்போது ஓரளவு நம்பத் தகுந்த கருவியாகிவிட்டது. அதனால் ஒரு தவறான எண்ணமும் வேரூன்றியிருந்தது. வெப்பமானி காட்டுவதே வெப்பம். அது காட்டாவிட்டால் அங்கே வெப்பம் சேரவில்லை என்று அறிஞர்கள் கருதினர். உருகுநிலைக்கு வந்துவிட்ட பனிக்கட்டியை உருக்க, இன்னும் சிறிதளவு வெப்பமே போதும் என்றும் நம்பினர்.

இது சரியாக இருக்க முடியாது என்று சொன்னவர் ஜோசப் பிளாக். பிரான்சின் போர்தோ நகரில் 1728-இல் பிறந்தவர். அவருடைய தந்தை அங்கே திராட்சை மது வணிகம் செய்தவர். பிளாக் ஸ்காட்லாந்தில் மருத்துவம் பயின்று, நாம் இன்று கார்பன் டை ஆக்சைடு என்று அழைக்கும் வாயுவைப் பற்றி 1756-இல் ஆய்வுரை வெளியிட்டுப் புகழ்பெற்றார். அதே ஆண்டில் கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் ஆசிரியரானார்.

அவர் எடுத்து வைத்த வாதம் மிக எளிமையானது; ஆய்வுக்கூடமே தேவைப்படாதது. குளிர் நாடுகளில் மாரிக்காலம் முழுதும் மலைகளில் பனி குவிந்து கிடக்கிறது. பின்னர் வெயில் ஏறுகிறது. பனியின் வெப்பநிலை உருகுநிலையை அடைகிறது. இன்னும் சிறிதளவு வெப்பமே போதும் என்பது உண்மையானால், அத்தனை பனியும் ஒரே பொழுதில் நீராகிப் பெருவெள்ளமாகப் பாய்ந்து ஊர்களை அடித்துச் சென்றிருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. பனி வாரக் கணக்கில் மெல்ல மெல்லக் கசிந்து உருகுகிறது. ஆகவே உருகும் பனி வெப்பத்தை ஓயாமல் உறிஞ்சிக் கொண்டே இருக்க வேண்டும். எல்லார் கண்முன்னும் ஆண்டுதோறும் நடந்த காட்சிதான். கேள்வி கேட்டவர்தான் இல்லை.

வாதத்தோடு நிற்காமல் பிளாக் அளந்தும் பார்த்தார். 1761-ஆம் ஆண்டு மாரிக்காலத்தில் அவர் செய்த சோதனையைக் கூர்ந்து கவனியுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு மெல்லிய கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொன்றிலும் 5 அவுன்ஸ் நீர். ஒன்றில் உள்ள நீரை உறைய வைத்தார். மற்றதில் உள்ளதை உறையாமல் 33° பாரன்ஹீட் வரை குளிர்வித்தார். (பாரன்ஹீட் அளவில் நீரின் உறைநிலை 32° என்பது உங்களுக்குத் தெரியும்.) 47° வெப்பநிலையில் இருந்த ஒரு பெரிய கூடத்தில் இரண்டையும் தொங்கவிட்டார். சுற்றியுள்ள காற்றுதான் அடுப்பு!

குளிர்ந்த நீர் அரை மணி நேரத்தில் 33°-லிருந்து 40°-க்கு ஏறியது. அதாவது அரை மணிக்கு 7 பாகை. பனிக்கட்டி இருந்த குடுவையோ உருகி, அதே 40°-ஐ எட்டுவதற்குப் பத்தரை மணி நேரம் எடுத்துக் கொண்டது. பத்தரை மணி என்பது 21 அரை மணிகள். ஒரே கூடத்தில் தொங்கும் ஒரே மாதிரியான குடுவைகளுக்குள் வெப்பம் ஒரே வேகத்தில் நுழைகிறது என்று கொண்டால், பனிக்கட்டிக்குள் சென்ற வெப்பம் 21 × 7 = 147 பாகை. அதில் 8 பாகை உருகிய நீரை 32°-லிருந்து 40°-க்கு ஏற்றுவதற்குச் செலவாயிற்று. அதை வெப்பமானியே காட்டிவிட்டது. எஞ்சிய 139 பாகை எங்கே போயிற்று?

அதுதான் ஒளிந்து கொண்ட வெப்பம். இன்று நாம் கொள்ளும் கிராமுக்கு 80 கலோரி என்ற மதிப்பைப் பாரன்ஹீட் பாகையாக மாற்றினால் 144 வரும். இரண்டு குடுவைகள், ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம், ஒரு குளிர்ந்த கூடம்; இவற்றைக் கொண்டு 139! வெந்நீரில் பனிக்கட்டியைப் போட்டுக் கலவையின் வெப்பநிலையைப் பார்த்து அவர் செய்த மற்றொரு சோதனையில் கிடைத்த விடை 143. பல்லாயிரம் ரூபாய்க் கருவிகளோடு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நம் மாணவர்கள் கொண்டுவரும் விடைகளை அன்றாடம் திருத்துகிற எனக்கு, இந்த எண்களைப் பார்த்தால் சற்றுப் பொறாமையாகவே இருக்கிறது.

1762 ஏப்ரல் 23-ஆம் நாள் கிளாஸ்கோவில் அறிஞர் கழகம் ஒன்றின் கூட்டத்தில் பிளாக் இதைப் படித்தார். அதே ஆண்டு அக்டோபரில் நீராவியின் பக்கம் திரும்பினார். தட்டையான அடியுள்ள தகரப் பாத்திரத்தில் 50° நீரை ஊற்றி, பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தகட்டின் மேல் வைத்தார். நான்கு நிமிடத்தில் நீர் கொதித்தது. அது முழுதும் ஆவியாகிப் போவதற்கு இன்னும் 20 நிமிடம் பிடித்தது. நான்கு நிமிடத்தில் 162 பாகை என்றால், 20 நிமிடத்தில் 810 பாகை. இன்றைய மதிப்பு 972. இந்த முறை குறி கொஞ்சம் தள்ளி விழுந்தது. தகரப் பாத்திரச் சோதனையிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமன்று.

வெப்பமானியில் தெரியும் வெப்பம் ஒரு வகை. தெரியாமல் பொருளுக்குள் அடங்கிவிடும் வெப்பம் மற்றொரு வகை. இரண்டாவதற்கு ஒரு பெயர் வேண்டுமல்லவா? அதற்குத்தான் 'லேட்டன்ட்' என்னும் பழைய இலத்தீன் அடைமொழியைப் பிளாக் எடுத்து வைத்தார். மறைந்து கிடக்கிறது, அழிந்துவிடவில்லை என்பது அதில் அடங்கிய கருத்து. நீராவி குளிர்ந்து நீராகும்போதும், நீர் உறைந்து பனியாகும்போதும் அந்த வெப்பம் குறைவின்றி வெளியே வந்துவிடுகிறது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் அசைவற்றிருக்கும் நீரைக் குலுக்கினால், அதில் ஒரு பகுதி சட்டென்று உறையும்; உடனே வெப்பமானி 32°-க்கு ஏறும். உறையும்போது வெப்பநிலை ஏறுவதா என்று கேட்கத் தோன்றும். ஒளிந்திருந்தது வெளிவந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தச் சமயத்தில்தான் அதே பல்கலைக் கழகத்தில் கருவிகள் செய்து பிழைத்து வந்த ஓர் இளைஞர் நம் கதைக்குள் வருகிறார். அவர் பெயர் ஜேம்ஸ் வாட். வகுப்பில் காட்டுவதற்காக வைத்திருந்த நியூகோமன் நீராவிப் பொறியின் சிறு மாதிரியைப் பழுதுபார்க்க 1763-64 மாரிக்காலத்தில் அவரிடம் கொடுத்தார்கள். அது நீராவியைக் குடித்த வேகம் அவரைத் திகைக்க வைத்தது. நீராவியைக் குளிர்ந்த நீருக்குள் செலுத்திப் பார்த்தார். ஒரு பங்கு நீர் ஆவியாகச் சென்றால், அது தன்னைப் போல் ஆறு மடங்கு கிணற்று நீரைக் கொதிநிலைக்கே கொண்டுவந்துவிட்டது! 540-ஐ 90-ஆல் வகுத்துப் பாருங்கள்; அந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். காரணம் புரியாமல் வாட் தம் நண்பர் பிளாக்கிடம் போய்க் கேட்டார். மறைந்து கிடக்கும் வெப்பத்தைப் பற்றி அப்போதுதான் பிளாக் அவருக்கு விளக்கினார்.

1765-இல் வாட்டுக்குத் தனிக் குளிர்கலம் பற்றிய எண்ணம் பிறந்தது. பிளாக் அவருக்குப் பண உதவியும் செய்தார். 1769-இல் காப்புரிமை கிடைத்தது. ஆக, ஒரே ஊரில் இரண்டு நண்பர்கள். ஒருவர் 'லேட்டன்ட்'டைக் கண்டார், மற்றவர் 'பேட்டன்ட்' பெற்றார். பிளாக்கின் கொள்கையிலிருந்தே வாட்டின் குளிர்கலம் பிறந்தது என்று பல நூல்களில் எழுதியிருப்பார்கள். அது முழு உண்மையன்று. வாட்டே பின்னாளில் அதை மறுத்தார். உருளையை ஒவ்வொரு வீச்சிலும் குளிரவைத்து மறுபடி சூடாக்குவதால் ஏற்படும் வீண் செலவுதான் அவரை அந்த எண்ணத்திற்குக் கொண்டுவந்தது. அதற்கு ஒளிந்த வெப்பம் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை.

பிளாக் தம் கண்டுபிடிப்பை அச்சில் வெளியிடவே இல்லை. 1766-இல் எடின்பரோவுக்கு மாறிய பிறகும் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவந்தார்; மாணவர்கள் எழுதிக்கொண்ட குறிப்புகள் கைமாறிப் பரவின. இதற்கிடையே சுவீடனில் யோகான் வில்க்கே, பிளாக்கின் பணியை அறியாமலே, பனியை வெந்நீரோடு கலந்து 1772-இல் அதே உண்மையைக் கண்டு அச்சிலும் ஏற்றினார். அவருக்குக் கிடைத்த மதிப்பு 72. இன்றைய 80-க்கு அருகில்தான். பிளாக் 1799-இல் மறைந்தார். அவருடைய நண்பர் ஜான் ராபிசன் தொகுத்து வெளியிட்ட விரிவுரைகள் 1803-இல்தான் நூலாக வந்தன. மறைந்திருக்கும் வெப்பத்தைக் கண்டவரின் எழுத்தும் நாற்பது ஆண்டுகள் மறைந்தே கிடந்தது.

இனி, கதையின் சிக்கலான பகுதி. வெப்பம் என்பது என்ன? 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரும்பாலோர் அதை எடையற்ற ஒரு பாய்பொருள் என்றே எண்ணினர். பிரெஞ்சு வேதியியலார் 1787-இல் அதற்குக் 'கலோரிக்' என்று பெயரிட்டனர். 1789-இல் லவாய்சியர் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் ஆக்சிஜன், ஹைட்ரஜனோடு ஒளியும் கலோரிக்கும் இடம் பெற்றிருந்தன! பனிக்கட்டி உருகும்போது கலோரிக் அதனோடு கூடிச் சேர்ந்து நீராகிறது. கூடிவிட்டதால் தனியே தெரிவதில்லை. எனவே மறைந்து கிடக்கிறது. எவ்வளவு பொருத்தமான விளக்கம்! வெப்பம் ஒரு பொருள் என்றால் அது ஒளிந்து கொள்ளலாம். வெப்பம் துகள்களின் அசைவு என்று சொன்னவர்கள்தாம் இடர்ப்பட்டனர். அசைவு எங்கே போய் ஒளியும்?

ஆகவே சரியான ஒரு சோதனை, தவறான ஒரு கொள்கைக்குத் தூணாக நின்றது. அறிவியல் வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதுதான். பாடநூல்கள் இதைச் சொல்லுவதில்லை. 1798-இல் ரம்ஃபோர்டு, பீரங்கி துளையிடும்போது வெப்பம் வற்றாமல் வருவதைக் காட்டினார். 1840-களில் ஜூல், வேலைக்கும் வெப்பத்துக்கும் உள்ள கணக்கை வகுத்தார். கலோரிக் மறைந்தது. 'கலோரி' என்ற அலகில் மட்டும் அதன் நிழல் தங்கியிருக்கிறது.

அப்படியானால் அந்த 80 கலோரி எங்கே இருக்கிறது? பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தன் அண்டை மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டுண்டு, ஒழுங்கான அமைப்பில் நிற்கிறது. உருகும்போது அந்தக் கட்டுகளில் ஒரு பகுதி அறுகிறது. கொடுத்த ஆற்றல் மூலக்கூறுகளை வேகமாக அசைப்பதில் செலவாகவில்லை. ஆகவே வெப்பநிலை ஏறவில்லை. ஈர்ப்பை எதிர்த்துப் பிரித்து வைப்பதில் செலவாகி, நிலையாற்றலாகத் தங்குகிறது. மேலே தூக்கி வைத்த கல்லைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆவியாகும்போதோ மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று அறவே பிரிக்க வேண்டும். அதனால்தான் 80 எங்கே, 540 எங்கே! அந்த 540-இலும் ஏறத்தாழ 40 கலோரி, விரியும் நீராவி வெளிக்காற்றைத் தள்ளி இடம் பிடிப்பதற்கே போய்விடுகிறது.

இந்த ஆற்றல் எவ்வளவு பெரியது என்பதை ஏட்டுக் கணக்கு உணர்த்தாது. வானத்தைப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் இரண்டரை சென்டிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் 25,000 டன். அவ்வளவு நீராவியும் மேகத்தில் நீராகச் சுருங்கியபோது வெளிவந்த வெப்பம், 1945-இல் ஹிரோஷிமாவில் வீசப்பட்ட அணுகுண்டின் ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமம். குண்டு நொடிப்பொழுதில் வெடித்தது, மழை மெல்லப் பெய்கிறது, வேறுபாடு அதுதான். நீராவி சுருங்கும்போது வரும் இவ்வெப்பமே புயலை இயக்குகிறது என்று அமெரிக்கரான ஜேம்ஸ் எஸ்பி 1841-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். நம் வங்கக் கடலில் எழும் புயல்களுக்கும் எரிபொருள் இதுவே. கரையேறியதும் அவை வலுவிழப்பதற்குக் கடல்நீராவி என்னும் தீனி நின்றுபோவது ஒரு முதன்மையான காரணம்.

சொல்லுக்குத் திரும்புவோம். பிளாக் எடுத்து வைத்த அடைமொழியை மற்றத் துறையினரும் கையாண்டனர். 1840-இல் டால்பட் ஒரு விந்தையைக் கண்டார். ஒளி பட்ட வெள்ளி உப்புத் தாளில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாவிட்டாலும், தக்க கரைசலில் நனைத்தால் படம் எழுந்து வந்தது. அந்தத் தெரியாப் படத்திற்கும் 'லேட்டன்ட்' என்ற அடையே வாய்த்தது. (மறு ஆண்டே டால்பட் 'பேட்டன்ட்'டும் வாங்கிவிட்டார்!) பொடி தூவினால் தெரியும் கைரேகை, உடலுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமி எல்லாவற்றுக்கும் இன்று அதே அடைமொழிதான். சீரியம் ஆக்சைடுக்குள் ஒளிந்திருந்த தனிமம் ஒன்றை மோசாண்டர் 1839-இல் பிடித்தபோது, கிரேக்க உறவுச் சொல்லிலிருந்து அதற்கு 'லாந்தனம்' என்ற பெயர் வந்தது.

தமிழில் என்ன செய்தோம்? தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'உள்ளுறை வெப்பம்' என்கின்றன. இலங்கைத் தமிழர் 'மறைவெப்பம்' என்பர். இரண்டையும் ஒன்றென்று கருதிவிடாதீர்கள். 'மறை' என்பது இலத்தீன் சொல்லின் நேர்ப் பொருள். வெப்பமானிக்குத் தெரியவில்லை என்று மட்டுமே அது சொல்லுகிறது. 'உள்ளுறை' என்பது உள்ளே தங்கி வாழ்வது. தொல்காப்பியம் கூறும் உள்ளுறை உவமத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் சொல் இனிக்கும். பாட்டின் வெளிப்பொருளுக்குள் வேறொரு பொருள் தங்கியிருப்பது போல, நீருக்குள் வெப்பம் தங்கியிருக்கிறது என்று நயமாகச் சொல்லிவிடுகிறது. நயம்தான் இங்கே இடையூறும் கூட. உள்ளே உறைவது வெப்பம் என்று மாணவர் மனத்தில் பதிந்தால், இரு நூற்றாண்டுக்கு முன் இறந்த கலோரிக் மறுபடி உயிர் பெற்றுவிடும். இயற்பியலில் வெப்பம் என்பது ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாறிச் செல்லும் ஆற்றல். சென்று சேர்ந்த பின் அது அக ஆற்றல். இந்த வகையில் 'மறைவெப்பம்' கொஞ்சம் பாதுகாப்பான சொல் என்பது என் கருத்து. ஆயினும் பாடநூலில் ஊன்றிவிட்ட 'உள்ளுறை'யைப் பிடுங்க வேண்டியதில்லை. உள்ளே உறைவது எது என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் போதும். வேதியியலார் இந்தத் தொல்லையே வேண்டாமென்று 'உருகுதல் என்தால்பி' என்று எழுதத் தொடங்கிவிட்டனர்.

பிளாக்கின் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் சம எடை நீர் ஊற்றுங்கள். ஒன்றைக் குளிர்ப்பெட்டியின் உறைவிப்பானில் உறைய வைத்து, உருகத் தொடங்கும் வரை வெளியே வையுங்கள். மற்றதைப் பனிக்கட்டி சூழ வைத்து 1° செல்சியஸ் அளவுக்குக் குளிரச் செய்யுங்கள். பிறகு இரண்டையும் காற்றோட்டமில்லாத அறையில் ஒரே மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றும் 11°-ஐ எட்ட ஆகும் நேரத்தைக் குறியுங்கள். வெப்பமானியால் மெல்லக் கலக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். நீர் 10 கலோரி வாங்கும் இடத்தில் பனிக்கட்டி 91 கலோரி வாங்க வேண்டும் என்பதால் ஒன்பது மடங்கு நேரம் ஆகும் என்று எதிர்பார்ப்பீர்கள். 30° வெப்பமுள்ள அறையில் ஏழெட்டு மடங்கோடு முடிந்துவிடலாம். உருகும் பனி கடைசி வரை 0°-இலேயே நிற்பதால், சூடேறி வரும் நீரைவிட அது சற்று வேகமாக வெப்பத்தை வாங்கும். அதைக் கணக்கில் சேர்த்து மறுபடி வகுத்துப் பாருங்கள்.